சாமுராய் கவசம்: போருக்கா, பகட்டுக்கா?

கேள்வி இதுதான்: சாமுராய் கவசங்களைப் பார்த்தால் பட்டுக் கயிறு, பொன்முலாம், நெற்றியில் கொம்பு, மீசை வைத்த முகமூடி என்று கூத்துக்குக் கட்டிய வேஷம் போல இருக்கிறது. இதைப் போட்டுக்கொண்டு உண்மையிலேயே சண்டைக்குப் போனார்களா? இவ்வளவு அலங்காரம் எதற்கு? இதையெல்லாம் எப்படிச் செய்தார்கள்?

போனார்கள். பத்தாம் நூற்றாண்டு வாக்கில் உருவெடுத்த இந்தக் கவசம், 1615-இல் ஒசாகா கோட்டை விழுந்து உள்நாட்டுப் போர்கள் ஓயும்வரை பலமுறை வடிவம் மாறிப் போர்க்களத்திலேயே வளர்ந்தது. நம் கண்ணுக்கு அலங்காரமாகப் படுவதில் பெரும்பங்கு வேலை செய்கிற உறுப்பு. பட்டுக் கயிறு தகடுகளைத் தாங்கிப் பிடிக்கிறது. கறுப்புப் பளபளப்பு இரும்பைத் துருவிலிருந்து காக்கிறது. மார்பின் மேல் ஒட்டியிருக்கும் சித்திரத் தோல், வில்நாண் தகடுகளில் சிக்காமல் வழுக்கிப் போக வழி செய்கிறது. வேலைக்கென்று வந்த பொருளையே அழகாக்கினார்கள். அழகுக்காக மட்டும் பொருளைச் சேர்ப்பது பெருகியது போர் ஓய்ந்த பிறகுதான். இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் எந்தக் கவசத்தின் முன் நின்றாலும் அதைப் படித்துவிடலாம்.

பழைய பெருங்கவசத்துக்கு ஓயொரோய் என்று பெயர். குதிரைமேல் இருந்து அம்பெய்பவனுக்காகச் செய்தது. ஹெயான் காலத்துச் (பன்னிரண்டாம் நூற்றாண்டு இறுதி வரை) சாமுராய் முதலில் வில்லாளி, வாள் அப்புறம்தான். கவசத்தின் ஒவ்வொரு உறுப்பும் இதைச் சொல்லும். உடம்பின் முன்புறம், இடப்புறம், முதுகு மூன்றையும் ஒரே துண்டு சுற்றி வரும். வலப்பக்கத்துக்குத் தனித்துண்டு, அதைத்தான் முதலில் கட்டிக்கொள்வார்கள். தோளிலிருந்து இரண்டு பெரிய சதுரப் பலகைகள் தொங்கும். வில்லுக்கு இரண்டு கையும் வேண்டுமே, கேடயம் பிடிக்கக் கை ஏது? அந்தத் தோள்பலகைகள்தான் கேடயம். அக்குளை மறைக்க மார்பின் இரு பக்கமும் சிறு துண்டுகள் தொங்கும். இவை இரண்டும் ஒரே மாதிரி இருக்காது. இடப்பக்கத்துத் துண்டு ஒரே தகடு, விறைப்பானது. வலப்பக்கத்துத் துண்டு செதில்களைக் கோத்தது, வளையக்கூடியது. நாணை இழுக்கும்போது வலக்கை மடங்குமே, அதற்கு இடம் கொடுக்கத்தான் இந்த ஏற்பாடு. முழுக் கவசமும் ஏறக்குறைய 30 கிலோ வரும். நடந்து திரிவதற்கு இது தோதுப்படாது. குதிரையில் உட்கார்ந்தால் சேணம் பாரத்தில் ஒரு பகுதியை வாங்கிக்கொள்ளும்.

சரி, எப்படிச் செய்தார்கள்? செதிலிலிருந்து தொடங்க வேண்டும். ஜப்பானியர் அதை கொசானே என்கிறார்கள். விரல் நீளத்துக்கு ஒரு சின்னத் துண்டு, இரும்பிலோ பதனிடாத மாட்டுத் தோலிலோ வெட்டியது. தோல் என்றதும் மட்டமாக நினைக்க வேண்டாம். ஊறவைத்துச் சுரண்டி, சம்மட்டியால் அடித்து இறுக்கி உலர்த்திய பச்சைத் தோல் கட்டை போல் ஆகிவிடும். இரும்பைவிட எடை மிகக் குறைவு. நல்ல கவசங்களில் உயிர்நிலைகள் உள்ள இடத்தில் ஒரு இரும்பு, ஒரு தோல், மறுபடி ஒரு இரும்பு என்று மாற்றி மாற்றி வைப்பார்கள். மற்ற இடங்களில் தோல் மட்டும். எடையையும் காப்பையும் இப்படிச் செதில் செதிலாகக் கணக்குப் பார்த்திருக்கிறார்கள்.

ஒரு செதிலில் பொதுவாக இரண்டு வரிசையில் 13 துளைகள் இருக்கும். ஒவ்வொரு செதிலும் அடுத்ததைப் பாதிக்குப் பாதி மூடும்படி வரிசையாக அடுக்குவார்கள். ஆக, வரிசையில் எங்கே குத்தினாலும் இரண்டு தடிப்பு இருக்கும். கீழ்த் துளைகளில் தோல்வார் கோத்து வரிசையை இறுக்கிக் கட்டுவார்கள். ஒரு கவசத்துக்கு இரண்டாயிரம் செதில் என்று வைத்தாலே, துளை மட்டும் 26,000. அத்தனையும் ஒரே இடைவெளியில் விழ வேண்டும். ஒன்று பிசகினாலும் மேலே கோக்கும் கயிறு கோணிக்கொள்ளும், அது வெளியே தெரியும். கட்டி முடித்த வரிசைக்கு மொத்தமாக மரப்பால் பூசுவார்கள். அது இறுகியதும் செதில்கள் சேர்ந்து ஒரே நீண்ட பலகை ஆகிவிடும். இப்படிப் பல பலகைகள் ஒன்றின்கீழ் ஒன்றாகத் தொங்குவதுதான் கவசம்.

இந்த மரப்பால் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் ஜப்பானியக் கவசத்தின் பாதி ரகசியம் இதில் இருக்கிறது. இதன் பெயர் உருஷி. அரக்கு என்றே நாம் எழுதிவிடுகிறோம், ஆனால் நம் ஊர் அரக்கு பூச்சி தருவது. இது மரத்தைக் கீறி எடுக்கும் பால். சேங்கொட்டை, முந்திரி, மா எல்லாம் சேர்ந்த அதே குடும்பத்து மரம். சேங்கொட்டைப் பால் பட்டால் தோல் வெந்து கொப்புளம் போடுவதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். உருஷியும் பச்சையாக இருக்கும்போது அப்படித்தான் படுத்தும். பத்து, பதினைந்து ஆண்டு வளர்ந்த ஒரு மரத்திலிருந்து ஒரு பருவம் முழுவதும் கீறி எடுத்தாலும் கிடைப்பது சுமார் 200 கிராம்தான். அதோடு அந்த மரத்தை வெட்டிவிடுவார்கள், அடிக்கட்டையிலிருந்து புதுக் குருத்து வரும்.

இது காய்வதும் விசித்திரம். வெயிலில் வைத்தால் ஒழுங்காக இறுகாது. காற்றில் ஈரம் வேண்டும்: 20 முதல் 25 டிகிரி வெப்பம், 70 முதல் 85 சதவீத ஈரப்பதம். அதற்கென்று ஈரம் தெளித்த மர அலமாரி வைத்திருப்பார்கள். பாலில் உள்ள ஒரு நொதி, காற்றிலிருந்து ஆக்சிஜனை வாங்கி அதைக் கெட்டியாக்குகிறது. அந்த நொதி வேலை செய்யத்தான் ஈரம். ஒருமுறை இறுகிவிட்டால் தண்ணீர், அமிலம், காரம் எதற்கும் அசையாது. இரும்புக்குப் பூசும்போது வேறு முறையும் உண்டு: இரும்பைச் சூடாக்கி அதன்மேல் உருஷியைச் சுட்டு ஏற்றுவார்கள், அப்போது பிடிப்பு இன்னும் கெட்டி. மழையும் கடற்காற்றும் ஓயாத ஒரு தீவு நாட்டில் பூசாத இரும்பு எத்தனை நாள் தாங்கும்? ஆகவே அந்தக் கறுப்புப் பளபளப்பு முதலில் துருக்காப்பு.

ஆனால் அதோடு நிறுத்திவிடவில்லை. சிங்குலிகம் சேர்த்தால் சிவப்பு, பொன்தகடு ஒட்டினால் தங்கம். களிமண் பொடியைப் பாலில் குழைத்துப் பூசினால் மேடு எழுப்பலாம், சொரசொரப்பு கொண்டுவரலாம். பழைய துருவேறிய இரும்பு மாதிரியே தோன்றும்படி பூசிய கவசங்களும் இருக்கின்றன. துருவைத் தடுக்கும் பூச்சைக் கொண்டே துருவின் நிறத்தை வரவழைத்த கைக்காரர்களை நினைத்தால் எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்பாக இருக்கும்.

இனி கயிறு. பலகைகளை ஒன்றின்கீழ் ஒன்றாகத் தொங்கவிடுவது இந்தப் பட்டுக் கயிறுதான். கோப்பு வேலைக்கு ஒதோஷி என்று பெயர். தட்டையாகப் பின்னிய பட்டு நாடா, சில இடங்களில் மான் தோல் வார். பழைய முறையில் ஒவ்வொரு துளையிலும் கயிறு ஏறும். பலகை கண்ணுக்கே தெரியாமல் முழுக்கப் பட்டு மூடிவிடும். கயிற்றில் தொங்குவதால் பலகைகள் ஒன்றுக்குள் ஒன்று ஏறி இறங்கும். குதிரையில் உட்கார்ந்தால் தொடைக் கவசம் மடிந்து விரியும். அடி விழுந்தால் பலகை கொஞ்சம் விட்டுக்கொடுத்து வேகத்தைக் குறைக்கும். கழற்றினால் முழுக் கவசமும் சுருங்கி ஒரு பெட்டிக்குள் அடங்கிவிடும்.

பக்கத்தில் போய்ப் பார்க்க வாய்த்தால் ஒரு தோள்பலகையின் விளிம்பைப் பாருங்கள். நடுவில் ஒரே நிறம் ஓடும், இரண்டு ஓரத்திலும் மட்டும் பல நிறம் கலந்து பின்னிய தனிக் கயிறு. கடைசிப் பலகையின் அடியில் பெருக்கல் குறி போட்டது போல் சிவப்புத் தையல் வரிசையாக வரும், மேலே கயிறு எந்த நிறமாக இருந்தாலும் இது பெரும்பாலும் சிவப்பாகவே இருக்கும். அதன் கீழே ஒன்றும் தொங்காததால் தாங்கும் வேலை அந்தத் தையலுக்குக் கிடையாது, செதில்களை இறுக்குவதும் விளிம்பை முடிப்பதும்தான்.

நிறம் வீரனின் அடையாளம். பழைய ஜப்பானியப் போர்க் கதைகளில் ஒருவன் களத்துக்குள் வரும்போது, பெயரோடு சேர்த்து இன்ன நிறக் கயிறு கோத்த கவசம் அணிந்திருந்தான் என்று சொல்வது வழக்கம். மேலே வெளிறித் தொடங்கிக் கீழே போகப் போக அடர்ந்துகொண்டே போகும் கோப்பு ஒன்று, அதற்கு நேர் எதிராக இறங்குவது இன்னொன்று, நீர்ச்செடி இலையின் வடிவம் நடுவில் தெரியும்படி நிறம் மாற்றியது வேறொன்று. ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர் உண்டு. சாயம் எல்லாம் செடியிலிருந்து: நீலத்துக்கு ஒரு செடியின் இலை, ஊதாவுக்கு ஒரு செடியின் வேர், சிவப்புக்கு நம் மஞ்சிட்டிக்கு உறவான அகானே என்ற கொடியின் வேர்.

இந்த அகானே சிவப்பு பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். தோக்கியோவுக்கு மேற்கே, ஓமே நகரில் மிதாகே மலைமேல் இருக்கும் முசாஷி மிதாகே கோயிலில் சிவப்புக் கயிறு கோத்த ஒரு பெருங்கவசம் இருக்கிறது. ஜப்பானின் தேசியச் செல்வம். பன்னிரண்டாம் நூற்றாண்டு வீரர் ஹதகேயாமா ஷிகெதடா காணிக்கையாகக் கொடுத்தது என்பது கோயில் மரபு. 1903-இல் அதைப் பழுதுபார்த்தபோது, இற்றுப்போன கயிறுகளுக்குப் பதிலாக வேதிச் சாயம் தோய்த்த புதுக் கயிற்றைக் கோத்தார்கள். இன்று பார்த்தால் அந்தப் புதுக் கயிறு வெளிறி இளஞ்சிவப்பாகிக் கிடக்கிறது; எண்ணூறு ஆண்டு பழைய வேர்ச்சாயம் இன்னும் சிவப்பாகவே இருக்கிறது. ஒரே கவசத்தில் இரண்டும் அருகருகே. பழைய கைவேலையின் தரத்துக்கு இதைவிட நேரான சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை.

தோல் வேலைக்கு வருவோம். பெருங்கவசத்தின் மார்பில் செதில்கள் அப்படியே தெரிந்தால், அம்பு விடும்போது நாண் அவற்றில் மாட்டும். அதனால் முன்புறம் முழுவதையும் வழுவழுப்பான மான் தோலால் மூடினார்கள். மூடிய தோலைச் சும்மா விடுவார்களா? அச்சுத்தகடு வைத்துச் சாயமேற்றிச் சிங்கமும் பியோனிப் பூவும், பூக்கொடியும், தெய்வ உருவமும் வரைந்தார்கள். வைக்கோல் புகையில் வாட்டி நிறமேற்றிய தோலும் உண்டு. நூலைச் சுற்றியோ பசை தடவியோ மறைத்த இடம் வெளுப்பாக நிற்க, மற்ற இடம் பழுப்பாகும். நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த ஒரு பெருங்கவசம் இருக்கிறது. ஷோகன், அதாவது படைத்தலைமை ஆட்சியாளர், ஆன அஷிகாகா தகவுஜி போர்த் தெய்வமான ஹச்சிமானின் கோயில் ஒன்றுக்குக் கொடுத்ததாகச் சொல்லப்படுவது. அதன் மார்புத் தோலில் இருப்பது ஃபுதோ மியோ, சமஸ்கிருதத்தில் அசலன் எனப்படும் பௌத்தக் காவல் தெய்வம். அசைக்க முடியாதவனை நெஞ்சின்மேல் சுமந்துகொண்டு போனவர்களுக்கு அது வெறும் சித்திரமாக இருந்திருக்காது.

இந்த அச்சுத் தோல்களில் ஏமாந்துபோகும் இடம் ஒன்றும் இருக்கிறது. ஒருவகைத் தோலில் 1351-ஆம் ஆண்டுக்குச் சமமான ஜப்பானியத் தேதி வடிவத்தின் ஒரு பகுதியாகவே அச்சாகியிருக்கும். ஆண்டு எழுதியிருக்கிறதே, காலம் தெரிந்துவிட்டது என்று நினைக்கத் தோன்றும். அந்த வடிவம் பிடித்துப்போய், தேதியோடு சேர்த்து அதையே பல நூற்றாண்டுகள் அச்சிட்டுக்கொண்டே இருந்தார்கள். தோலில் உள்ள தேதி கவசத்தின் தேதி ஆகாது.

உலோக அணிகளை வேகமாகக் கடந்துவிடலாம், ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு. நாரா நகரின் கசுகா பெருங்கோயிலில் காமகுரா காலத்து (ஹெயானுக்கு அடுத்த காலம்) சிவப்புக் கவசம் ஒன்று உண்டு. அதன் தோள்பலகைமேல் பொன்முலாம் பூசிய செம்பில் மூங்கில் வளர்கிறது, மூங்கிலுக்கு நடுவே சிட்டுக்குருவிகள், புலி. பட்டுச் சிவப்பின்மேல் அந்தப் பொன் மூங்கில் ஒவ்வொரு இலையும் தனித்தனியாக வெட்டியது. இதை அணிந்து யாரும் அம்படி படவில்லை என்று தாராளமாக நம்பலாம். கடவுளுக்கென்று செய்த காணிக்கை. போர் நடந்த காலத்திலேயே அலங்காரம் காப்பை மீறிப் போனது இப்படிப்பட்ட இடங்களில்தான்.

பதினைந்தாம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து நிலைமை மாறுகிறது. 1467-இல் தொடங்கிய ஓனின் உள்நாட்டுப் போரோடு நாடே சண்டைக்களம் ஆனது. குதிரை வில்லாளிகள் தனித்தனியே மோதிக்கொண்ட காலம் போய், ஆயிரக்கணக்கான காலாட்கள் ஈட்டியோடு வரும் காலம் வந்தது. 1543-இல் தனேகஷிமா தீவில் போர்த்துகீசியர் கொண்டுவந்த துப்பாக்கி அடுத்த சில பத்தாண்டுகளில் எங்கும் பரவியது. இந்தச் சூழலுக்கு முழுக்கப் பட்டுக் கோப்பு சரிப்படவில்லை. ஏன் என்பதை 1800-இல் சகாகிபாரா கோசான் என்ற கவச அறிஞர் பட்டியல் போட்டே எழுதியிருக்கிறார்: நனைந்தால் கயிறு தண்ணீரைக் குடித்துக் கனக்கும், சீக்கிரம் காயாது, குளிர்காலத்தில் உறைந்துபோகும், சேறு எவ்வளவு கழுவினாலும் போகாது, நீண்ட படையெடுப்பில் நாற்றமெடுத்து எறும்பும் பேனும் குடியேறும். எல்லாவற்றையும்விட மோசம், ஈட்டி முனை சறுக்கிப் போகாமல் கயிற்றில் தங்கிவிடும்.

அதனால் வந்ததுதான் தோசெய் குசோகு என்ற புதுக் கவசம். செதில்களுக்குப் பதில் முழுத் தகடுகள். கயிறு அடர்த்தியாக ஓடாமல் இரண்டிரண்டு இழையாக இடைவெளி விட்டு ஓடும். துளைகள் குறைந்ததால் தகடும் பலமானது, செய்யும் நாளும் குறைந்தது. இடுப்பில் ஒடுங்கி உட்காரும் அமைப்பு, பாரம் தோளிலிருந்து இடுப்புக்கு இறங்கியது. கையிலும் தொடையிலும் முழங்காலுக்குக் கீழும் துணியின்மேல் சங்கிலி வலையும் சிறு தகடுகளும் தைத்த உறைகள் வந்தன. சில மார்புத் தகடுகளில் குண்டு பட்ட குழி இருக்கும். பெரும்பாலும் அது போரில் பட்டதல்ல. விற்பதற்கு முன் சுட்டுப் பார்த்து, தாங்கியது என்று காட்ட விட்டுவைத்த தடம். ஐரோப்பிய மார்புக்கவசத்தையே வாங்கி ஜப்பானிய உறுப்புகளோடு சேர்த்து அணிந்தவர்களும் உண்டு. தோகுகாவா ஷோகன் வம்சத்தைத் தொடங்கிய இயேயசுவுக்கு உரியதாகப் போற்றப்படும் அப்படி ஒன்று நிக்கோவில் உள்ள தோஷோகு கோயிலில் இருக்கிறது.

ஆனால் பழைய அழகின் நினைவு போகவில்லை. முழுத் தகட்டின் மேல்விளிம்பைச் செதில் முனைகள்போல் வெட்டி, முகப்பில் மரப்பாலும் மண்பொடியும் குழைத்த பசையால் செதில் செதிலாக மேடு எழுப்பி, அதன்மேல் பட்டு கோத்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் ஆயிரம் செதில், உள்ளே ஒரே தகடு. இதை ஏமாற்று என்று நான் சொல்ல மாட்டேன். வலுவான பொருளுக்குப் பழக்கப்பட்ட முகத்தைக் கொடுத்திருக்கிறார்கள்.

இப்படிப்பட்ட காலத்துக் கவசங்கள் இரண்டு கப்பலேறிப் போன கதையும் உண்டு. 1613-இல் ஷோகன் தோகுகாவா ஹிததடா, ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல் தலைவர் ஜான் சாரிஸ் வழியாக, மன்னர் முதலாம் ஜேம்ஸுக்கு அவற்றைப் பரிசாக அனுப்பினார். செய்தவர் நாராவைச் சேர்ந்த இவாய் யோசாயெமோன். இவாய் குடும்பம் உறுப்புகளைச் சேர்த்துக் கோப்பதில் பேர்போனது. இன்றும் அவை இங்கிலாந்தின் அரச ஆயுதச் சாலைத் தொகுப்பில் இருக்கின்றன. வேடிக்கை என்னவென்றால், அதே நூற்றாண்டிலேயே லண்டன் கோபுரத்தில் அதை மொகலாயப் பேரரசர் கொடுத்த கவசம் என்று சொல்லிக் காட்டினார்கள்.

தலைக்கவசத்தில்தான் கைவேலையின் இரண்டு துருவங்களையும் பார்க்கலாம். ஒரு துருவம் பல தகடு சேர்த்த கிண்ணம். நீண்ட முக்கோணத் தகடுகளை உச்சியை நோக்கி அடுக்கி, ஒன்றின் விளிம்பு அடுத்ததன்மேல் ஏறும்படி ஆணியடிப்பார்கள். எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு என்று எண்ணிக்கை ஏறி, பதினாறாம் நூற்றாண்டில் 62 தகடு உயர்தரத்தின் அடையாளம் ஆனது. தகட்டின் ஓரத்தை மடித்து நிறுத்தினால் உச்சியிலிருந்து 62 மெல்லிய வரம்புகள் இறங்கும். ஆணியின் தலையைக் குமிழாக வெளியே விட்டால், ஆயிரத்துக்கு மேற்பட்ட குமிழ்கள் வரிசை பிசகாமல் கீழே வரவரப் பெரிதாகும். உச்சியில் ஒரு துளை. முற்காலத்தில் குடுமியும் துணித் தொப்பியும் அதன் வழியாக வெளியே வந்தன. தேவை போன பிறகும் துளை போகவில்லை, சாமந்திப்பூ இதழ் அடுக்கிய வளையம் அதைச் சுற்றி அணியாக நின்றுவிட்டது.

மறு துருவம், விசித்திர வடிவங்கள். தலையை ஒட்டி உட்காரும், நான்கைந்து தகடுகளில் முடிந்துவிடும் எளிய இரும்புக் கிண்ணத்தைச் செய்துகொண்டு, அதன்மேல் காகிதம், மரம், தோல் இவற்றால் உருவம் எழுப்பி மரப்பால் பூசினார்கள். கிளிஞ்சல், மீன்வால், முயல்காது, உயர்ந்த தொப்பி, எதுவும் தலையில் ஏறும். ஆயிரக்கணக்கானோர் மோதும் களத்தில் தலைவன் எங்கே என்று படை அறிய வேண்டுமே. இயேயசுவின் தளபதி ஹோண்டா தடகட்சுவின் தலையில் இருந்த பெரிய மான்கொம்பு பார்க்கக் கனமாகத் தெரியும். அது காகிதத்தை அடுக்கடுக்காக ஒட்டி மரப்பாலால் இறுக்கியது, எடையே இல்லை. குரோதா நாகமசா என்ற பிரபுவின் இச்சினோதானி தலைக்கவசத்தில் ஒரு மலைச்சரிவே வெள்ளித்தகடு ஒட்டி நிற்கிறது. 1184-இல் அந்த இடத்தில் செங்குத்துச் சரிவில் குதிரையோடு இறங்கித் தாக்கிய போரின் நினைவு அது. நாகமசாவும் ஃபுகுஷிமா மசநோரி என்ற இன்னொரு பிரபுவும் மனத்தாங்கல் தீர்ந்ததன் அடையாளமாகத் தலைக்கவசங்களை மாற்றிக்கொண்டபோது இது நாகமசாவின் கைக்கு வந்தது; 1600-இல் செகிகஹாரா போருக்கு அதை அணிந்துகொண்டுதான் போனார். இன்று ஃபுகுவோகா நகர அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.

என் மனத்துக்கு மிகவும் பிடித்தது செண்டாய் பிரபு தாதே மசமுனேயின் கவசம், செண்டாய் நகர அருங்காட்சியகத்தில் இருப்பது. ஐந்து இரும்புத் தகடுகளைக் கீல் வைத்துச் சேர்த்த கறுப்பு உடற்கவசம். ஏறக்குறைய அலங்காரமே இல்லை. 62 தகடு தலைக்கவசத்தின் நெற்றியில் ஒரு பொன் பிறை மட்டும். அந்தப் பிறையை உற்றுப் பாருங்கள், இரண்டு நுனியும் ஒரே நீளம் கிடையாது. வாளை ஓங்கும்போது கை இடிக்காமல் இருக்க அணிபவரின் வலப்பக்கத்தைக் குறைத்தார்கள் என்பதுதான் வழக்கமாகச் சொல்லும் காரணம். முழு அலங்காரமும் ஒரே கோட்டில் அடங்கி, அந்தக் கோடும் கைக்கு வழிவிட்டு நிற்கிறது. நிறத்தால் மட்டுமே பேர் வாங்கிய படையும் உண்டு: 1582-இல் தகேடா குலம் அழிந்த பிறகு அதன் வீரர்களை இயேயசு தன் தளபதி ஈ நவோமசாவிடம் ஒப்படைத்தார், அவர்களின் வழக்கப்படியே நவோமசா தன் படை முழுவதையும் சிவப்பில் நிறுத்தினார். அந்தச் சிவப்புக் கவசங்கள் ஹிகோனே கோட்டை அருங்காட்சியகத்தில் வரிசையாக நிற்கின்றன.

முகமூடியைக் கேட்டிருந்தீர்கள். பெரும்பாலானவை மூக்கிலிருந்து முகவாய் வரை மட்டும் மூடும். கன்னச் சுருக்கம், பல், விலங்கு மயிர் மீசை எல்லாம் எதிரியை மிரட்டத்தான். ஆனால் அதன் முதல் வேலை வேறு: தலைக்கவசத்தின் கயிற்றை இறுக்கிக் கட்டப் பிடிமானம் வேண்டும். கன்னத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு கொக்கிகளும், முகவாயின் கீழே இருக்கும் முளைகளும் அதற்குத்தான். முகவாயின் அடியில் ஒரு சின்னத் துளை இருக்கும். வியர்வை வடிய.

1615-க்குப் பிறகு இரண்டரை நூற்றாண்டு பெரிய போரே இல்லை. கவசம் ஊர்வலத்துக்கும் வரவேற்புக்கூடத்துக்கும் போயிற்று. பதினெட்டாம் நூற்றாண்டில் பழைய பெருங்கவச மோகம் திரும்பி வந்து, நடந்து போகிற பிரபுக்கள் குதிரை வில்லாளியின் தோள்பலகைகளைக் கட்டிக்கொண்டார்கள். மியோச்சின் குடும்பத்துக் கொல்லர்கள் இரும்பைப் பின்னாலிருந்து தட்டி டிராகனும் தெய்வ உருவமும் புடைத்தெழச் செய்தார்கள். கொல்லனின் அடி தெரிய வேண்டும் என்று மரப்பால் பூசாமல், பழுப்பு நிறம் ஏற்றி இரும்பை அப்படியே விட்டார்கள். மியோச்சின் முனெயாகிரா 1745-இல் செய்த முழு முகமூடி மெட்ரோபாலிடனில் இருக்கிறது. இரும்பு அங்கே சதையாகவே மாறியிருக்கிறது. கைவேலையாகப் பார்த்தால் உச்சம். கவசமாகப் பார்த்தால், புடைத்த இரும்பு மெலிந்த இரும்பு. ஈட்டி முனை தங்குவதற்குப் பள்ளமும் மேடும் வேறு. இங்கேதான் அழகும் காப்பும் பிரிந்து தனித்தனி வழியில் போகின்றன. முனெயாகிராவை நான் குறைத்துச் சொல்லவில்லை, ஆனால் தாதேயின் கறுப்புத் தகடுகளுக்கு முன் நிற்கும்போது வருகிற மரியாதை எனக்கு இங்கே வருவதில்லை. இந்தக் குடும்பத்தார் தங்கள் வம்சாவளியை நீட்டி எழுதி, பழைய தலைக்கவசங்களைத் தங்கள் முன்னோர் செய்தவை என்று சான்றும் கொடுத்தார்கள். அதனால் மியோச்சின் கையெழுத்தும் சான்றும் இருந்தால் உடனே நம்பாமல் வேலைப்பாட்டைப் பார்த்துத்தான் காலம் சொல்ல வேண்டும். ஹிமெஜியில் இருக்கும் மியோச்சின் குடும்பம், கவசத்துக்குத் தேவை போன பிறகு கரி எடுக்கும் இரும்புக் குச்சிகளுக்கு மாறியது. இன்று அந்தக் குச்சிகளைத் தொங்கவிட்டு, காற்றில் ஒலிக்கும் மணியாக விற்கிறார்கள்.

1868-இல் ஷோகன் ஆட்சி போய், 1876-இல் வாள் அணியவும் தடை வந்தபோது, குடும்பக் கவசங்கள் மலிவாக வெளியே வந்தன. உலக அருங்காட்சியகங்களில் நாம் பார்ப்பதில் பெரும்பகுதி அப்போது வெளியேறியது. விற்பவர்கள் ஒன்றின் தலையையும் இன்னொன்றின் கையையும் சேர்த்து ஒரு முழுக் கவசம் ஆக்கியதும் நடந்தது.

ஆகவே நேரில் பார்க்கும்போது சில இடங்களைக் குறிவைத்துப் பாருங்கள். தோள்பலகை, கை உறை, தொடைத் தகடு மூன்றிலும் கயிற்றின் நிறமும் பின்னலும் ஒன்றா என்று பாருங்கள்; வேறு வேறாக இருந்தால் சேர்த்துக் கட்டியதாக இருக்க வாய்ப்பு அதிகம். பலகைகள் ஒன்றின்கீழ் ஒன்று ஒளியும் இடத்தில் வெளிச்சம் படாத கயிறு எட்டிப் பார்க்கும், முதலில் இருந்த நிறம் அங்கேதான் தெரியும். கண்ணாடிப் பெட்டியைச் சுற்றிப் போக வழி இருந்தால் தொடைத் தகட்டின் பின்புறத்தைக் கட்டாயம் பாருங்கள்: செதில்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருப்பதும் தோல்வார்க் கட்டும் தெரிந்தால் அது உண்மையான செதில் வேலை. முன்னால் ஆயிரம் செதில் காட்டிவிட்டுப் பின்னால் வழவழவென்று இருந்தால், அது மரப்பாலில் எழுப்பிய முகப்பு. மிகப் பழையவற்றை ஒரே இடத்தில் பார்க்க வேண்டும் என்றால் செட்டோ உள்கடலில் ஒமிஷிமா தீவில் உள்ள ஒயாமாசுமி கோயிலுக்குப் போங்கள்; அதன் கருவூலத்தில் இருக்கும் அளவுக்கு ஹெயான், காமகுரா காலத்துக் கவசங்கள் வேறெங்கும் ஒன்றாகக் கிடையாது.